முப்பத்தொரு ஒன்றுகள்: 2147483647 என்னும் பகா எண்

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று வாசிக்கப்படும் 2147483647 ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த இயல் எண்ணாலும் அதை மீதியின்றி வகுக்க முடியாது. இன்று கணினிகள் தேடிக் கண்டுபிடிக்கும் பல கோடி இலக்கப் பகா எண்களுக்கு முன்னால் பத்தே இலக்கங்கள் கொண்ட இந்த எண் மிகச் சிறியதுதான். ஆயினும், ஓர் எண் பகா எண் என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள், அவ்வாறு உறுதியான எண்ணிடம் வேறு என்னென்ன பண்புகளை எதிர்பார்க்கலாம் என்று கற்கத் தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது என்பது என் கருத்து. ஏனெனில் இதன் பண்புகளில் பெரும்பாலானவை இதன் பருமனிலிருந்து வருவதில்லை; இதன் வடிவத்திலிருந்து வருகின்றன. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, கிடைத்த பெருக்கற்பலனிலிருந்து ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும்: 2³¹ − 1.

முதலில் வடிவத்தை மறந்துவிட்டு, நம் கையில் பத்து இலக்க எண் ஒன்று மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். அது பகா எண்தானா என்று அறிய, பள்ளியில் கற்ற நேரடி வழி ஒன்று உண்டு: 2, 3, 5, 7, 11 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்ப்பது. எதுவரை வகுக்க வேண்டும்? ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கற்பலனாக இருந்தால், அவ்விரண்டில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. இரண்டுமே தாண்டினால் பெருக்கற்பலன் அந்த எண்ணைவிடப் பெரியதாகிவிடும். 46340-இன் வர்க்கம் 2147395600. 46341-இன் வர்க்கம் 2147488281. நம் எண் இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால், 46340 வரையிலான பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். அப்படியும் அவை ஏறத்தாழ 4,800 இருக்கின்றன. கணினிக்கு இது ஒரு வேலையே இல்லை. ஆனால் காகிதத்தில் கணக்கிடுபவர் ஒரு பத்து இலக்க எண்ணை 4,800 முறை பிழையின்றி வகுப்பது என்பது, முடியாதது என்று சொல்ல முடியாவிட்டாலும், எவரும் விரும்பி ஏற்கும் வேலையன்று. 1772-இல் கணித அறிஞர் லியோனார்டு ஆய்லர் இந்த எண் பகா எண்ணே என்று உறுதி செய்து ஒரு கடிதத்தில் எழுதினார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்த நிலையில் இருந்தார். அவர் 4,800 வகுத்தல்களைச் செய்யவில்லை, செய்யத் தேவையுமில்லை. எப்படி என்று பார்க்க, எண்ணின் வடிவத்துக்குத் திரும்ப வேண்டும்.

நாம் அன்றாடம் எழுதும் பதின்ம முறையில் 999 என்பது 1000-இலிருந்து ஒன்று குறைந்தது. அதுபோலவே, 0, 1 என்ற இரு இலக்கங்களை மட்டும் கொண்ட இரும முறையில், இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து ஒன்று குறைந்த எண் முழுவதும் ஒன்றுகளாகவே அமையும். 7 என்பது 111. 15 என்பது 1111. நம் எண் வரிசையாக முப்பத்தொரு ஒன்றுகள். இவ்வடிவ எண்களைப் பற்றிய முதல் உண்மை இந்த ஒன்றுகளிலேயே தெரிகிறது. ஆறு ஒன்றுகளை எடுத்துக்கொண்டால், 111111 என்பதை மும்மூன்றாகப் பிரித்து 111 × 1001 என்று எழுதலாம்; பதின்ம முறையில் அது 63 = 7 × 9. ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால், அவற்றை எப்போதும் இவ்வாறு சம கூட்டங்களாகப் பிரித்துவிடலாம். ஆகவே அந்த எண்ணும் பகு எண்ணாகிவிடும். அடுக்கு, அதாவது ஒன்றுகளின் எண்ணிக்கை, பகா எண்ணாக இருந்தால்தான் முழு எண்ணும் பகா எண்ணாக இருக்க வாய்ப்பே உண்டு. 31 ஒரு பகா எண் என்பதால் நம் எண் இந்த முதற்கட்டச் சோதனையைக் கடந்துவிடுகிறது.

கடந்துவிடுகிறது, அவ்வளவே, தேறிவிடவில்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தும் முழு எண் பகு எண்ணாக இருக்கும் முதல் இடம் 11. 2¹¹ − 1 என்பது 2047. அது 23 × 89. இந்தப் பொறியில் பெரிய கணித அறிஞர்களே விழுந்திருக்கிறார்கள். இத்தாலியரான பியெத்ரோ கத்தால்தி 1588-இல் 17, 19 ஆகிய அடுக்குகளுக்கு முறையாக வகுத்துப் பார்த்துச் சரியான விடை கண்டார். ஆனால் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்று அவர் சொன்னதில் 31 மட்டுமே தேறியது. பிரெஞ்சுத் துறவி மாரன் மெர்சேன் 1644-இல் 257 வரை ஒரு பட்டியல் தந்தார். அவர் சேர்த்த 67-உம் 257-உம் தவறு. அவர் விட்டுவிட்ட 61, 89, 107 ஆகியவை சேர்ந்திருக்க வேண்டியவை. இவ்வளவு பிழைகள் இருந்தும், இவ்வடிவப் பகா எண்கள் இன்றுவரை மெர்சேன் பகா எண்கள் என்றே அழைக்கப்படுகின்றன. சிறியதிலிருந்து எண்ணினால் 2, 3, 5, 7, 13, 17, 19, 31 என்ற அடுக்குகளில் நம் எண் எட்டாவது மெர்சேன் பகா எண்.

இனி ஆய்லரின் சிக்கனத்துக்கு வருவோம். இக்கட்டுரையில் சற்று நின்று படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

ஒரு பகா எண்ணால் இரண்டின் அடுக்குகளை ஒவ்வொன்றாக வகுத்து, மீதிகளை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால், அவை ஒரு சுற்றாக மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். 23-ஐ எடுத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று தொடங்கி, 32-க்கு மீதி 9, பின்பு 18, 13, 3, 6, 12, இறுதியில் 1. ஒன்று வந்தவுடன் அடுத்து மீண்டும் 2 வரும். சுற்று தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டது. சுற்றின் நீளம் 11. பிரெஞ்சு அறிஞர் பியேர் தெ ஃபெர்மா கண்ட தேற்றம் ஒன்று, இந்தச் சுற்றின் நீளத்தால் பகா எண்ணிலிருந்து ஒன்று குறைந்த எண்ணை எப்போதும் மீதியின்றி வகுக்க முடியும் என்று உறுதியளிக்கிறது. இங்கே 23-இலிருந்து ஒன்று குறைந்தால் 22. அது 11-இன் மடங்கு.

இப்போது, நம் எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்தக் காரணி 2³¹ − 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்றால், 2³¹-ஐ வகுக்கும்போது மீதி 1 என்று பொருள். ஆகவே முப்பத்தோராவது இடத்தில் சுற்று ஒன்றுக்கு வந்து நிற்கிறது. சுற்றின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-ஐ வகுக்கும்போதே மீதி 1 வந்திருக்க வேண்டும். எந்தப் பகா எண்ணுக்கும் அவ்வாறு நிகழாது. எனவே நீளம் 31 மட்டுமே. ஃபெர்மாவின் தேற்றப்படி, அந்தக் காரணியிலிருந்து ஒன்று குறைந்த எண் 31-இன் மடங்கு. நம் எண் ஒற்றை எண் என்பதால் காரணியும் ஒற்றை எண், அதிலிருந்து ஒன்று குறைந்தது இரட்டை எண். இரண்டையும் சேர்த்தால், நம் எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 62-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க வேண்டும். 3, 5, 7, 11 என்று தொடங்கும் நெடிய வரிசையில் பெரும்பாலானவற்றைத் தொடாமலே தள்ளிவிடலாம். மேலே கண்ட 2047-இன் காரணிகளும் இவ்விதிக்கு உட்பட்டவையே: 23 என்பது 22-ஐவிட ஒன்று கூடுதல், 89 என்பது 22-இன் நான்கு மடங்கைவிட ஒன்று கூடுதல்.

இதற்குமேல் இன்னொரு சல்லடையும் உண்டு. நம் கற்பனைக் காரணியால் 2³¹-ஐ வகுத்தால் மீதி 1 என்பதால், 2³²-ஐ வகுத்தால் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது, ஒரு வர்க்க எண்ணை வகுக்கும்போது மீதி 2 வருகிறது. வர்க்க எண்களிடமிருந்து 2 என்ற மீதியைப் பெறக்கூடிய ஒற்றைப் பகா எண்கள், 8-இன் மடங்கைவிட ஒன்று கூடியவையோ ஒன்று குறைந்தவையோ மட்டுமே என்பது எண்ணியலின் அடிப்படைத் தேற்றங்களில் ஒன்று. அதன் நிறுவல் இக்கட்டுரையின் அளவைத் தாண்டியது. ஆனால் 7-ஐக் கொண்டு சரிபார்ப்பது எளிது, ஏனெனில் 9 ஒரு வர்க்க எண், அதை 7-ஆல் வகுத்தால் மீதி 2.

இரண்டு சல்லடைகளையும் ஒருசேர வைத்தால், காரணியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும். 46340-க்குள் இவ்வடிவில் அமைந்து, 1-உம் 63-உம் நீங்கலாகச் சோதிக்கத்தக்கவையாக எஞ்சும் எண்கள் 372. அவற்றிலும் 249 என்பது 3 × 83, 497 என்பது 7 × 71, 559 என்பது 13 × 43 என்றவாறு, பார்த்தவுடன் நீக்கத்தக்க பகு எண்கள் நிறைய. உண்மையில் முதலில் வகுத்துப் பார்க்க வேண்டியது 311; மீதி 35. அடுத்தது 1303; மீதி 226. அதற்கடுத்தது 1489, மீதி 199. இவ்வாறே இறுதிவரை எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. 4,800 வகுத்தல்கள் 372-க்கும் குறைவாகச் சுருங்கியதற்குக் காரணம் வேகமான கை அல்ல. எந்த வகுத்தல் வீண் என்பதை வகுப்பதற்கு முன்பே சொல்லிவிடும் தேற்றங்கள். இதே உத்தியால்தான் ஆய்லர் 1732-இல், ஃபெர்மா பகா எண் என்று நம்பியிருந்த 2³² + 1 என்ற எண்ணை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். அங்கே காரணிகள் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும், 641 அப்படிப்பட்டதே. நம் எண்ணின் இரு மடங்கைவிட மூன்றே கூடுதலான அந்த எண் பகு எண் ஆனதும், நம் எண் பகா எண் ஆனதும் ஒருவர் கையாலேயே, நாற்பது ஆண்டு இடைவெளியில் நிலைநாட்டப்பட்டன.

இன்றைய வழி இதனினும் விந்தையானது. அது வகுத்திகளைத் தேடுவதே இல்லை. எதுவார் லூக்கா பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி, அமெரிக்கரான டி. எச். லேமர் இருபதாம் நூற்றாண்டில் செம்மைப்படுத்திய சோதனை அது. 4-இல் தொடங்கி, எண்ணை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைந்த தடவைகள் இதைச் செய்தபின் மீதி பூச்சியமானால், அது பகா எண். 2⁵ − 1 ஆகிய 31-ஐச் சோதிப்போம். அடுக்கு 5, ஆகவே மூன்று படிகள். 4-இன் வர்க்கத்தில் 2 குறைந்தால் 14. 14-இன் வர்க்கத்தில் 2 குறைந்தால் 194. 31-ஆல் வகுக்க மீதி 8. 8-இன் வர்க்கத்தில் 2 குறைந்தால் 62, மீதி 0. எனவே 31 பகா எண். 2047-க்கு இதே முறையில் ஒன்பது படிகள் நடந்தால் இறுதியில் கிடைப்பது 1736. பூச்சியமன்று, ஆகவே பகு எண். 23-உம் 89-உம் இச்சோதனையில் எங்கும் வெளிப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: ஓர் எண் உடையும் என்று அறிவது ஒன்று, எங்கே உடையும் என்று அறிவது வேறொன்று. நம் எண்ணுக்கு இருபத்தொன்பது படிகள் போதும். இன்று அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண், 2024-இல் கண்டறியப்பட்ட, 136279841-ஐ அடுக்காகக் கொண்ட மெர்சேன் எண். அதற்கு 4,10,24,320 இலக்கங்கள். அதை உறுதி செய்யவும் இந்தச் சோதனை பயன்பட்டது. பிற வடிவ எண்களுக்கு இவ்வளவு சுருக்கமான சோதனை இல்லாததால்தான், மிகப் பெரிய பகா எண் என்ற இடம் பெரும்பாலும் மெர்சேன் குடும்பத்திலேயே இருந்துவருகிறது.

பகா எண் என்று உறுதியானபின் கிடைக்கும் முதல் பரிசு ஒரு செவ்விய எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே கிடைக்கும் எண்ணுக்குச் செவ்விய எண் என்று பெயர்: 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. இதில் 28-ஐ 4 × 7 என்று எழுதிப் பார்த்தால், 7 ஒரு மெர்சேன் பகா எண். 4 அதற்குரிய இரண்டின் அடுக்கு. 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டல் 7, எஞ்சிய வகுத்திகளான 7, 14 ஆகியவற்றின் கூட்டல் 21, மொத்தம் 28. மெர்சேன் பகா எண் ஒவ்வொன்றும் இவ்வாறே ஒரு செவ்விய எண்ணைத் தரும் என்று யூக்ளிட் கிறித்துவுக்கு முன்பே நிறுவிவிட்டார். இரட்டைச் செவ்விய எண் எதுவும் இந்த வழியாக அன்றி வர முடியாது என்று ஆய்லர் நிறுவினார். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 2305843008139952128 எட்டாவது செவ்விய எண், பத்தொன்பது இலக்கங்கள். ஆங்கிலேயரான பீட்டர் பார்லோ 1811-இல், இதைவிடப் பெரிய செவ்விய எண் இனிக் கண்டுபிடிக்கப்படப் போவதில்லை, இவை வியப்புக்குரியவையே தவிரப் பயனுள்ளவை அல்ல என்பதால் எவரும் முயல மாட்டார்கள் என்று எழுதினார். 1883-இல் இவான் பெர்வுஷின் என்ற உருசியப் பாதிரியார் 2⁶¹ − 1 பகா எண் என்று காட்டி அடுத்ததைக் கண்டார். பார்லோவின் கணிதம் அன்று, மனிதர்களைப் பற்றிய அவருடைய கணிப்பே பிழையாகிப் போனது.

கணினித் துறையில் இருப்போர் இந்த எண்ணை வேறொரு முகத்தோடு அறிவார்கள். 32 பிட்டுகளில், அதாவது 32 இரும இலக்கங்களில், ஒரு முழு எண்ணைச் சேமிக்கும்போது, ஒரு பிட்டைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது 31. அவை அனைத்தும் ஒன்றாக இருக்கும்போது கிடைக்கும் உச்ச மதிப்புதான் 2147483647. அதனோடு ஒன்றைக் கூட்டினால், வழக்கமான கணினி அமைப்புகளில் விடை −2147483648 என்று தலைகீழாகிவிடும். 2014-இல் ஒரு கொரியப் பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த உச்சத்தை நெருங்கியதால் யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுகளுக்கு மாற்றியது. 1970-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் பழைய 32 பிட் கடிகாரங்கள், 2038 சனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இதே உச்சத்தைத் தொடும். மாற்றப்படாத அமைப்புகள் அடுத்த நொடியில் 1901-க்குப் பின்னோக்கிச் செல்லும்.

இங்கே ஒரு தெளிவு தேவை. கணினியின் உச்ச மதிப்பாக இது இருப்பதற்கும், இது பகா எண்ணாக இருப்பதற்கும் தொடர்பில்லை. 8 பிட்டுகளின் உச்சமான 127 பகா எண்; 16 பிட்டுகளின் உச்சமான 32767 என்பது 7 × 31 × 151; 64 பிட்டுகளின் உச்சமான 9223372036854775807-ஐ 7-ஆல் இரண்டு முறை வகுக்கலாம். குறிப் பிட் போக எஞ்சுபவை முறையே 7, 15, 31, 63 பிட்டுகள். அவற்றில் 15-உம் 63-உம் பகு எண்கள் என்பதால், மேலே ஒன்றுகளைக் கூட்டமாகப் பிரித்த அதே முறைப்படி அவ்வெண்களும் உடைகின்றன. நம் எண் இரு பெருமைகளையும் ஒருங்கே பெற்றது தற்செயல்.

தற்செயல்தான் என்றாலும், நிரல் எழுதுவோர் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். எழுமாற்றாகத் தோன்றும் எண்களைக் கணினியில் உருவாக்குவதற்கு லேமர் முன்வைத்த எளிய முறை ஒன்று உண்டு: ஓர் எண்ணில் தொடங்கி, அதை ஒரு நிலையான பெருக்கியால் பெருக்கி, ஒரு பகா எண்ணால் வகுத்து, வரும் மீதியை அடுத்த எண்ணாகக் கொள்வது. வகுக்கும் எண்ணாக 2147483647-ஐயும் பெருக்கியாக 16807-ஐயும் கொண்ட வடிவத்தை 1988-இல் பார்க், மில்லர் ஆகிய இருவரும் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தனர். 1-இல் தொடங்கினால் 16807, பின்பு 282475249, பின்பு 1622650073 என்று வரிசை போகும்.

பெருக்கியை மனம்போனபடி தேர்ந்தெடுக்க முடியாது. மேலே பார்த்த மீதிச் சுற்றுகளே இங்கு மீண்டும் வருகின்றன. பெருக்கியாக 2-ஐ எடுத்தால், முப்பத்தொரு படிகளில் சுற்று முடிந்துவிடும். 2³¹-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 அல்லவா? ஃபெர்மாவின் தேற்றப்படி சுற்றின் நீளம் 2147483646-ஐ வகுக்க வேண்டும். மிக நீண்ட சுற்று என்பது அந்த எண்ணே. அந்த முழு நீளத்தையும் தரும் எண்களுக்கு ஆதி மூலங்கள் என்று பெயர். நம் பகா எண்ணுக்கு அவற்றில் மிகச் சிறியது 7. பெருக்கியான 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. 2147483646-ஐக் காரணிப்படுத்தினால் 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331; இதில் 5 இல்லாததால், 7-இன் ஐந்தாம் அடுக்கும் ஆதி மூலமாகவே நீடிக்கிறது. ஆகவே 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் சரியாக ஒரு முறை வந்தபின்னரே வரிசை தொடக்கத்துக்குத் திரும்பும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்த முழுச் சுற்று கிடைக்காது.

இதில் எண்ணின் வடிவமும் தன் பங்குக்கு உதவுகிறது. 9-ஆல் வகுக்கும்போது வரும் மீதியை, இலக்கங்களைக் கூட்டிக் கண்டுபிடிப்பது நமக்குப் பழக்கமானது. 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே அதன் காரணம். அவ்வாறே 2³¹-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 என்பதால், எந்தப் பெரிய எண்ணையும் 31 பிட்டுகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் போதும், வகுத்தலே வேண்டாம். 282475249 × 16807 என்பது 4747561509943. அதில் 2³¹ முழுமையாக 2210 முறை அடங்கி, 1622647863 எஞ்சுகிறது. இரண்டையும் கூட்டினால் 1622650073. மேலே கண்ட வரிசையின் அடுத்த எண். கணினிக்கு வகுத்தல் நேரம் பிடிக்கும் வேலை, வெட்டுவதும் கூட்டுவதும் எளிய வேலை என்பதால் இது சிறிய ஆதாயமன்று. எனினும் இந்த முறையை விளையாட்டுகளுக்கும் சிறு பரிசோதனைகளுக்கும் மேல் இன்று எவரும் பரிந்துரைப்பதில்லை. இருநூறு கோடிச் சொச்சம் எண்களில் முடிந்துவிடும் சுற்று இன்றைய கணக்கீடுகளுக்குப் போதாது; ஓர் எண்ணைக் கண்டவர் அடுத்ததை உடனே கணித்துவிடலாம் என்பதால், கடவுச்சொற்களுக்கோ இரகசியக் குறியீடுகளுக்கோ இது கொஞ்சமும் பொருந்தாது.

கடைசியாக ஒன்று. 2⁵ − 1 என்பது 31. 2³¹ − 1 என்பது நம் எண். பகா எண்ணாகிய 5-ஐ அடுக்காக வைத்தால் 31 என்ற பகா எண்ணும், அதை அடுக்காக வைத்தால் 2147483647 என்ற பகா எண்ணும் வருவதைக் கண்டவர்க்கு, இதையும் அடுக்காக வைத்தால் என்ன என்ற ஆசை எழுவது இயல்பு. அவ்வாறு வரும் எண்ணை எழுதிக் காட்ட 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். இதுவரை அறியப்பட்ட எந்தப் பகா எண்ணும் அந்த நீளத்தின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஆனால் அதைப் பகா எண் அன்று என்று காட்ட அதன் இலக்கங்களில் ஒன்றையும் எழுத வேண்டியதில்லை. 31-க்கு 62 எப்படியோ, அப்படியே இங்கே காரணிகள் அனைத்தும் 4294967294-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தாக வேண்டும். அந்த வரிசையில் 68745-ஆவது மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் 295257526626031 என்ற எண், அந்தப் பேரெண்ணை மீதியின்றி வகுத்துவிடுகிறது.